கரை தெரியாத தூரத்துல முங்கப் போற தம்பிக்கு

கேள்வி:

அண்ணா, எனக்கு ஊர் நாகர்கோவில், வேலை திருவனந்தபுரத்துல ஐடி கம்பெனில. போன வருஷம் அந்தமான்ல ஸ்கூபா ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சேன். இதுவரைக்கும் 9 டைவ், அதிகபட்சம் 17 மீட்டர். குளச்சல்ல என் சித்தப்பா மகன் வள்ளம் வச்சிருக்கான். கரையில இருந்து 22 கடல் மைல் வெளியே ஒரு பார் (கடலடிப் பாறை மேடு), அவன் ஜிபிஎஸ்ல குறிச்சு வச்சிருக்கான், ஆழம் 32 மீட்டர். யாரும் முங்கிப் பாத்ததில்லன்னு சொல்றான். மாசியில கடல் அமைதியா இருக்கும்போது நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சிலிண்டர் வாடகைக்கு எடுத்துட்டுப் போலாம்னு இருக்கோம். அவ்வளவு தூரத்துல டைவ் பண்ணா என்னென்ன சிக்கல் வரும், என்ன தயாரிப்பு வேணும்? சின்ன வயசுல எனக்கு இழுப்பு இருந்துச்சு, இப்ப இல்ல. வீட்டுல இன்னும் சொல்லல.

பதில்:

தம்பி, உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். மொதல்லயே சொல்லிடுறேன், இந்த மாசிக்கு அந்தப் பாருக்குப் போகாத. போகவே கூடாதுன்னு சொல்லல, இப்ப உங்க கையில இருக்குற அனுபவத்தையும் சாமானையும் வச்சிட்டுப் போகாதன்னு சொல்றேன். நீ அடியில என்ன சிக்கல் வரும்னு யோசிச்சுக் கேட்டிருக்க, நான் அதைவிட அதிகமா பயப்படுறது மேல வந்ததுக்கு அப்புறம் நடக்குறதுக்கு. அந்தமான்ல உன்னை ஏத்தி இறக்க ஒரு டைவ் போட் இருந்துச்சு, உன்னையே பாத்துட்டு ஒரு இன்ஸ்ட்ரக்டர் இருந்தாரு, ஆக்சிஜன் பெட்டி இருந்துச்சு, இது எல்லாம் உன் கண்ணுலயே பட்டிருக்காது ஏன்னா அது எல்லாம் சத்தமில்லாம அது அது இடத்துல இருந்துச்சு. 22 மைல் வெளியே நீ போகும்போது அதுல ஒண்ணுகூட இல்ல, கேட்டியா.

நான் 20 வருஷம் எண்ணெய் ரிக்ல கமர்ஷியல் டைவரா வேலை பாத்துட்டு இப்ப முட்டம் பக்கம் பசங்களுக்கு டைவ் கத்துக்குடுத்துட்டு இருக்கேன். மீன்புடி குடும்பம்தான், எங்க அப்பா கணிச்சம் பாத்து பாரு கண்டுபிடிச்ச ஆளு, மலையையும் கோவில் கோபுரத்தையும் ஒரே நேர்ல கொண்டுவந்து இங்கதான்னு கல்லு இறக்குவாரு. அதனால ஆள் படாத பாருன்னு கேட்டதும் உனக்கு எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும்.

மொதல்ல காத்துக் கணக்கைப் பாரு. நீ வாடகைக்கு எடுக்கப் போற அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர், 200 பார் அழுத்தத்துல அடைச்சா உள்ள 2200 லிட்டர் காத்து. ஒரு சாதாரண டைவர் நீந்துற அளவுக்கு மூச்சு வாங்கினா மேல் மட்டத்துலயே நிமிஷத்துக்கு ஒரு 20 லிட்டர் ஆகும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு அட்மாஸ்பியர் அழுத்தம் கூடுது இல்லையா, அப்போ 32 மீட்டர்ல 4.2 மடங்கு, நிமிஷத்துக்கு 84 லிட்டர். நேரா வகுத்தா 26 நிமிஷம் வருது, பரவாயில்லையேன்னு தோணும். ஆனா அடியில வச்சு உன் ஃப்ரெண்டோட ரெகுலேட்டர், அதான் வாயில வச்சு மூச்சு விடுற சாமான், மக்கர் பண்ணுதுன்னு வச்சுக்க. ரெண்டு பேரும் உன் சிலிண்டர்லதான் மேல வரணும், ரெண்டு பேரும் பதட்டத்துல ஆளுக்கு 30 லிட்டர் இழுப்பீங்க. கீழ நின்னு சமாளிக்க ஒரு நிமிஷம், நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல ஏற மூணரை நிமிஷம், 5 மீட்டர்ல 3 நிமிஷம் சேஃப்டி ஸ்டாப், எல்லாம் கூட்டினா கிட்டத்தட்ட 1100 லிட்டர் வரும். அதாவது 100 பார், பாதி சிலிண்டர். அந்தப் பாதியைத் தொடவே கூடாது. மீதிப் பாதியில இறங்குறதுக்கும் சேத்து உனக்குக் கிடைக்கிறது 13 நிமிஷம். பழைய டைவ் டேபிள்ல பாத்தாலும் 35 மீட்டர் வரிசையில டீகம்ப்ரஷன் (ஏறும்போது நடுவுல கட்டாயமா நின்னு நின்னு வர்றது) இல்லாம நிக்க 14 நிமிஷம்தான் போட்டிருக்கும், 30 மீட்டருக்கு 20. வள்ளம் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்துல போனா போக ரெண்டே கால் மணி நேரம், வர ரெண்டே கால் மணி நேரம், நடுவுல உனக்கு 13 நிமிஷம். உன் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரையும் உக்கார வச்சு இந்தக் கணக்கை பேப்பர்ல போட்டுக் காட்டு.

உன் கார்டு 18 மீட்டருக்குத்தான். அட்வான்ஸ்டு முடிச்சா 30, டீப் கோர்ஸ் பண்ணா 40. இதை வெறும் சர்டிபிகேட் விஷயமா நினைக்காத, 30 மீட்டருக்குக் கீழ நைட்ரஜன் தலைக்கேறும், சாராயம் குடிச்ச மாதிரி ஒரு சந்தோசம் வரும், கேஜைப் பாத்தா நம்பர் தெரியும் ஆனா அது என்ன சொல்லுதுன்னு மண்டையில ஏறாது. அது எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது, ஒரே ஆளுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரியும் வராது. முதல் தடவை அதை அனுபவிக்கிற இடம் ஆள் இல்லாத கடலா இருக்கக் கூடாது.

இப்ப மேல வா. நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எவ்வளவு ஓடுதுன்னு உன் சித்தப்பா மகனுக்கு வலை போட்ட அனுபவத்துல தெரியும், ஆனா அது முங்குற ஆளை என்ன பண்ணும்னு தெரியாது. ஒரு நாட் ஓட்டம்னா நிமிஷத்துக்கு 31 மீட்டர். அடியில 13 நிமிஷம், ஏற 7 நிமிஷம், ஆக 20 நிமிஷத்துல 600 மீட்டர் தள்ளி எழும்புவ. ரெண்டு நாட்னா ஒரு கிலோமீட்டருக்கு மேல. அதை எதிர்த்து ஸ்கூபா சாமானோட நீந்துறது நடக்காத காரியம், ரெண்டு நிமிஷத்துல கெண்டைக்கால் பிடிச்சுக்கும்.

எனக்கு இது ஒரு தடவை நடந்திருக்கு. முட்டத்துல இருந்து ஒரு 9 மைல் வெளியே, நானும் இன்னொருத்தரும், ஆழம் 24 மீட்டர்தான். வள்ளத்துல ஒரே ஒரு பையன், நங்கூரம் போட்டு அங்கேயே நில்லுன்னு நானே சொல்லிட்டு இறங்கினேன், அது என் தப்பு. எழும்பிப் பாத்தா வள்ளம் இல்ல. அலை எங்களை மேல தூக்கும்போது மட்டும் தூரத்துல ஒரு நீலப் பொட்டு மாதிரி தெரியுது, கீழ இறங்கினா நாலு பக்கமும் கடல் வெள்ளம்தான். அவன் நாங்க இறங்குன இடத்தையே பாத்துட்டு இருக்கான், நாங்க கிழக்க போயிட்டு இருக்கோம். விசில் ஊதினேன், காத்து அவன் பக்கத்துல இருந்து எங்க பக்கம் அடிக்குது, அவனுக்கு எப்படிக் கேக்கும். பாக்கெட்ல ஆரஞ்சு கலர் சாசேஜ் இருந்துச்சு, நீ கோர்ஸ்ல பாத்திருப்ப, ஆள் உயரத்துக்குக் காத்து அடைச்சு நிறுத்துற அந்த நீளப் பை. ரொம்ப நாளா பிரிக்காம சுருட்டியே வச்சதுல உள் பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு. கையுறையைக் கழட்டி, நகத்தால உரிச்சு, ஒரு ஓரத்தைப் பல்லால கடிச்சு இழுத்துப் பிரிச்சு, வாயை வச்சு ஊதி, அது தலைக்கு மேல நிமிர்ந்து நிக்குறதுக்குள்ள என் கூட இருந்தவர் உதடு வெளுத்துப் போச்சு. அப்புறமும் அவன் கண்ணுல பட 50 நிமிஷம் ஆச்சு. ஏத்தும்போது சொன்னான், "வெள்ளத்துல கொக்கு நிக்குன்னு நெனச்சேன் அண்ணே"ன்னு. அந்தப் பை இல்லைன்னா எங்க ரெண்டு தலையும் அவனுக்கு மிதக்குற தேங்காதான். அன்னைக்கு 9 மைல். உன்னோடது 22.

அதனால உன் தயாரிப்பு சிலிண்டர்ல ஆரம்பிக்கக் கூடாது, வள்ளத்துல ஆரம்பிக்கணும். வள்ளத்துல குறைஞ்சது ரெண்டு பேர், ஒருத்தன் எஞ்சின்ல, இன்னொருத்தன் வேற எந்த வேலையும் பாக்காம நீங்க விடுற மூச்சுக் குமிழைப் பாக்க மட்டும். நங்கூரத்துல கட்டிட்டுப் படுக்குற வேலை கிடையாது, எஞ்சின் ஓடிட்டே உங்க பின்னாலயே வரணும், ப்ரொப்பல்லர் உங்க மேல வராத தூரத்துல. முங்குற ஆளுங்க 5 மீட்டர் ஸ்டாப்ல நிக்கும்போதே நூல் ரீல்ல கட்டி சாசேஜை மேல விட்ரணும், அப்பதான் நீங்க தலை நீட்டுறதுக்கு முன்னாடியே வள்ளக்காரனுக்கு இடம் தெரியும், வேற போட் எதுவும் உங்க தலை மேல ஏறாது. ஆளுக்கு ஒரு விசில், ஒரு சின்ன கண்ணாடி, ஒரு டார்ச். ரெண்டு எஞ்சின் இல்லாம 22 மைல் போகாத. வள்ளத்துல விஎச்எஃப் ரேடியோ இருக்கணும், சேனல் 16, போன் டவர் எல்லாம் கரையைத் தாண்டி கொஞ்ச தூரத்துலயே செத்துப் போகும். இஸ்ரோ செஞ்ச ஆபத்து சிக்னல் கருவி, டாட்னு சொல்லுவாங்க, உன் சித்தப்பா மகன்கிட்ட இருக்கான்னு கேளு, இருந்தா பேட்டரி தேதியைப் பாரு.

கரையில ஒரு ஆள்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போகணும். போற இடத்தோட ஜிபிஎஸ், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதுக்கு மேல ஒரு மணி நேரம் ஆனா 1554க்குப் போன் பண்ணுன்னு. அது கோஸ்ட் கார்டு. 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம். அந்தக் கரை ஆள் உன் வீட்டு ஆளா இருக்கணும்னு நான் சொல்லுவேன். வீட்டுல சொல்லலன்னு ஒரு வரி போட்டிருக்க பாரு, எனக்கு உன் லெட்டர்ல நெஞ்சுல குத்துனது அதுதான். அம்மா வேண்டாம்னு சொல்லுவாங்கன்னு பயமா இருக்கலாம், இருந்தாலும் சொல்லு மக்கா. ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30க்கு அப்புறம் தூத்தூர்ல இருந்து வள்ளவிளை வரைக்கும் எத்தனை வீட்டுல எந்தத் திசையில தேடுறதுன்னுகூடத் தெரியாம உக்காந்திருந்தாங்க. அவங்க கடல் தெரியாத ஆளுங்க இல்ல, ஆழ்கடலே வாழ்க்கையா இருந்தவங்க.

மாசி மாசம் பத்தி நீ சொன்னது சரிதான், மார்கழியில இருந்து பங்குனி வரைக்கும் நம்ம மேற்குக் கரையில வெள்ளம் ஓரளவு தெளிஞ்சு கிடக்கும். ஆனா காத்து இல்லைன்னா கடல் அமைதின்னு அர்த்தம் இல்ல. தெற்கே எங்கேயோ பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலை இங்க காத்தே இல்லாத நாள்ல வந்து மோதும், கள்ளக்கடல்னு நாம சொல்றது அதைத்தான். 2024 மே 6ஆம் தேதி லெமூர் பீச்சுல 5 மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் போனது அப்படிப்பட்ட நாள்லதான், கரையில நின்னவங்க அவங்க. போறதுக்கு முந்தின நாளும் போற அன்னைக்கு காலையிலயும் இன்காய்ஸ் (கடல் நிலவரம் சொல்ற மத்திய அரசு நிறுவனம்) வெப்சைட்ல அலை உயரம், ஸ்வெல் அலர்ட், அதான் தூரத்துல இருந்து வர்ற அலைக்கான எச்சரிக்கை, பாக்கணும். ஒண்ணரை மீட்டர் ஸ்வெல்ல சிலிண்டரோட ஏணியில ஏறிப் பாத்தா தெரியும், அதுவும் வள்ளத்துல ஏணியே இருக்காது, சாமானை எல்லாம் வெள்ளத்துலயே கழட்டிக் குடுத்துட்டு ஆள் மட்டும் ஏறணும். இதைக் கரைக்குப் பக்கத்துல பத்து தடவை செஞ்சு பாத்திருக்கணும்.

அடுத்து பெண்ட்ஸ், அதான் அடியில உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் ஏறும்போது குமிழாகி வர்ற நோய். இதை கொஞ்சம் நிதானமா படி. ஒரு பையனை எனக்குத் தெரியும், ரால் எடுக்கப் போறவன், கம்ப்ரசர் ஹோஸை வாயில வச்சு ஒரே நாள்ல மூணு தடவை 30 மீட்டருக்கு முங்கினான், ஆழமும் நேரமும் கணக்குப் போடுற டைவ் கம்ப்யூட்டரும் கிடையாது டேபிளும் கிடையாது. சாயங்காலம் தோள்ல வலி, ஹோஸ் இழுத்ததுல வந்த சுளுக்குன்னு தைலம் தேச்சுட்டுப் படுத்தான். காலையில மூத்திரம் போகல. எந்திரிச்சு நிக்கப் பாத்தா ரெண்டு காலும் மரத்துப் போச்சு. இப்ப அவன் வாக்கர் வச்சு நடக்குறான். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவங்க வீட்டுலயும் இப்படி ஆளுங்க உண்டு. நீ கம்ப்ரசர் ஹோஸ்ல போகல, கம்ப்யூட்டர் வச்சிருப்ப, இருந்தாலும் விதியெல்லாம் ஒழுங்கா கடைபிடிச்ச ஆளுக்கும் அது வரும். டைவுக்கு அப்புறம் வர்ற மூட்டு வலி, மரமரப்பு, தலை சுத்தல், காரணமில்லாத அசதி எதையுமே சுளுக்குன்னு எடுத்துக்கக் கூடாது.

அப்படி வந்தா செய்ய வேண்டியது படுக்க வச்சு நூறு சதவீதம் ஆக்சிஜன் குடுக்குறது. அதுவும் கணக்குதான். நிமிஷத்துக்கு 15 லிட்டர்னு குடுத்தா கரைக்கு வர்ற ரெண்டே கால் மணி நேரத்துக்கே 2000 லிட்டர் தாண்டும், ஆஸ்பத்திரியில பாக்குற பி டைப் சிலிண்டர்ல 1500 லிட்டர்தான் இருக்கும், அப்போ ரெண்டு சிலிண்டர் வேணும், அதை ஆட்டத்துல உருளாம கட்டி வைக்க இடம் வேணும், பக்கத்துல பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது. திரும்ப முங்கினா வலி போகும்னு கடல்ல சொல்லுவாங்க, தயவுசெஞ்சு அதைச் செய்யாத. கரைக்கு வந்ததும் அடுத்த கேள்வி ரீகம்ப்ரஷன் சேம்பர், ஆளை உள்ள வச்சு திரும்ப அழுத்தம் ஏத்துற அறை. எந்த ஆஸ்பத்திரியில சேம்பர் இருக்கு, டைவர் கேஸ் எடுப்பாங்களா, ராத்திரியில ஆள் இருப்பாங்களான்னு கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே போன் போட்டுக் கேட்டு நம்பரை வள்ளத்துலயே எழுதி ஒட்டு. கொச்சி வரைக்கும் ஓட வேண்டி வந்தா 250 கிலோமீட்டருக்கு மேல, ஆம்புலன்ஸ்ல பல மணி நேரம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்ல இன்சூரன்ஸ் எடுத்துட்டுப் போ, மீன்புடி வள்ளத்துல போறோம்னு மறைக்காம சொல்லி எடு. டைவ் முடிஞ்ச அன்னைக்கு விமானம் ஏறக் கூடாதுன்னு உனக்குத் தெரியும், ஒரு டைவுக்கு 12 மணி நேரம், அதுக்கு மேல போட்டா 18 மணி நேரம். மலைக்கும் அதேதான், சாயங்காலமே பைக் எடுத்துட்டு மேல் கோதையாறு போறேன்னு கிளம்பிடாத.

இழுப்பு பத்தி கடைசியில போற போக்குல எழுதியிருக்க, நான் அதை முதல் பக்கத்துல வச்சுப் படிச்சேன். மூச்சுக்குழாய் கொஞ்சம் சுருங்கினாலும் ஏறும்போது உள்ள மாட்டுன காத்து விரியும், 10 மீட்டர்ல இருந்து மேல வர்றதுக்குள்ள ரெண்டு மடங்கு ஆகும், வெளிய வர வழியில்லைன்னா நுரையீரலைக் கிழிச்சுட்டு ரத்தத்துல ஏறும். அது பெண்ட்ஸ் மாதிரி சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காது, மேல தலை நீட்டுன அந்த நிமிஷமே ஆள் சாய்ஞ்சிடுவான். குளிர்ந்த, உலர்ந்த சிலிண்டர் காத்து, கடல் வெள்ளம் கொஞ்சம் உள்ள போறது, பதட்டம், இது எல்லாமே இழுப்பைக் கிளப்புற விஷயம். அந்தமான்ல மெடிக்கல் ஃபார்ம்ல 'இல்ல'ன்னு டிக் போட்டியா? போட்டிருந்தா திட்ட மாட்டேன், ஆனா இனிமே போடாத. நுரையீரல் டாக்டர்கிட்ட போய் ஸ்கூபா பண்றேன்னு வெளிப்படையா சொல்லி ஸ்பைரோமெட்ரி, அதான் ஊத வச்சு மூச்சை அளக்குற டெஸ்ட், எடு, ஓடவிட்டு எடுக்கச் சொன்னாலும் எடு. அவர் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். டைவை விடுறதுல இருக்குற வலியை நான் குறைச்சுப் பேசல, ஆனா நான் அதுல பேரம் பேச மாட்டேன்.

சின்னச் சின்ன விஷயம் கொஞ்சம் இருக்கு. ஆள் படாத பாருன்னா வலை படாத பாருன்னு அர்த்தம் இல்ல, அறுந்த தங்கூசி வலை கண்ணுக்கே தெரியாம பாரைச் சுத்திக் கிடக்கும், பெரிய கத்தியைவிட நல்ல கத்திரி ஒண்ணு கைக்கு எட்டுற இடத்துல வை, பின்னால மாட்டினா திரும்பாத, கூட வந்தவன் அறுக்கட்டும். சிலிண்டர் அடைக்கிற கம்ப்ரசரைப் போய்ப் பாரு, ஜெனரேட்டர் புகை உள்ள போற இடத்துல வச்சிருந்தா அந்தக் காத்து வேண்டாம், அடைச்சதை லேசாத் திறந்து மோந்து பாரு, எண்ணெய் வாடை அடிச்சாத் திருப்பிக் குடு. வாந்தி மாத்திரை முதல் தடவை கடல்ல போடாத, சிலருக்குத் தூக்கம் சொக்கும், வீட்டுல இருக்குற ஒரு லீவு நாள்ல போட்டுப் பாரு. கடல் அட்டையோ பவளமோ கையில எடுத்துட்டு வராத, வனவிலங்குச் சட்டத்துல வரும், உன் சித்தப்பா மகன் வள்ளமும் சேந்து மாட்டும்.

அப்போ என்ன பண்ணணும்னு கேப்ப. டாக்டர் சரின்னு சொன்னா இந்த மாசி, பங்குனியில கரையில இருந்து ஒண்ணு ரெண்டு மைலுக்குள்ள, 12, 15 மீட்டர் பாருல முங்கு. கடியப்பட்டணம் பக்கம் சிப்பி எடுக்கப் போறவங்க ஒருத்தரைக் கூட வச்சுக்க, சிலிண்டர் இல்லாம முங்குறவங்கதான், ஆனா அந்த இடத்து நீவாடு எந்த மாசம் எந்தப் பக்கம் திரும்பும்னு அவங்க சொல்ற மாதிரி எந்த ஆப்பும் சொல்லாது. பச்சையா கலங்கின நாள்லயும் முங்கிப் பழகு, அந்தமான் வெள்ளத்தை மறந்துடு. அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ ரெண்டு கோர்ஸும் முடி, மூணு பேருமே. எண்ணிக்கையா ஒண்ணு சொல்லணும்னா நம்ம கடல்லயே 40 டைவ் ஆன பிறகு அந்த 32 மீட்டரைப் பத்திப் பேசலாம், அடுத்த தை மாசிக்கு அது முடியும். அந்தப் பாரு எங்கேயும் போகாது.

அதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை காலையில உன் சித்தப்பா மகனை வள்ளத்தோட முட்டம் துறைமுகத்துக்கு வரச் சொல்லு, கூட குமிழ் பாக்கப் போற ஆளையும். உங்க மூணு பேரையும் நான் சிலிண்டர் இல்லாம வெறும் லைஃப் ஜாக்கெட்டும் சாசேஜுமா வெள்ளத்துல இறக்கிவிடுறேன், அவன் 500 மீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி வந்து உங்களைக் கண்டுபிடிக்கட்டும், மொதல்ல சாசேஜ் இல்லாம, அப்புறம் சாசேஜோட. சாசேஜைப் பிரிச்சு, நல்ல தண்ணியில அலசி, உள்ள பவுடர் போட்டு எடுத்துட்டு வா. ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட்டையும்.